கார்பதெல்லாவில் ஒரு கட்டில்

ரோம் நகரின் தெற்குப் பக்கத்தில் ‘ஹோட்டல்’ என்று பெயர் வைத்த நான்கு பெரிய கட்டிடங்கள் நிற்கின்றன. 1920களின் கடைசியில் கட்டியவை. இத்தாலிய மொழியில் ‘அல்பெர்கோ’ என்றால் தங்கும் விடுதி. ஒன்று சிவப்பு அல்பெர்கோ, இன்னொன்று வெள்ளை அல்பெர்கோ. சிவப்புக் கட்டிடத்தின் உச்சியில் ஒரு கடிகாரம்கூட இருக்கிறது. ஆனால் இவை ஊர் பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பழைய ரோமின் நடுப்பகுதியில், பண்டைய இடிபாடுகள் நன்றாகத் தெரிய வேண்டும், அணிவகுப்புக்கு அகலமான சாலை வேண்டும் என்று முசோலினி அரசு வீடுகளை இடித்துத் தள்ளியது. அங்கிருந்து வெளியேற்றிய ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கிய இடங்களில் இவையும் உண்டு. தற்காலிக ஏற்பாடு என்றுதான் பெயர். இன்று கொலோசியத்துக்கு முன்னால் நின்று எல்லோரும் செல்ஃபி எடுக்கும் அந்த நேரான அகலச் சாலை 1932-ல் திறக்கப்பட்டது. அதற்கு அடியில் ஒரு குடியிருப்பே கிடக்கிறது.

அந்த நான்கு ‘ஹோட்டல்’களும் இருக்கிற பேட்டையின் பெயர் கார்பதெல்லா. 2024 நவம்பரில் ரோமில் நான் ஏழு இரவுகள் தங்கியது அங்கேதான்.

பணம்தான் காரணம். வேறு தத்துவம் எதுவும் கிடையாது. விசாவுக்கு 90 யூரோ, அதற்கு மேல் ஏஜென்சிக்காரன் பிடுங்கியது தனி, டிக்கெட்டுக்கு மூன்று மாதச் சேமிப்பு. பான்தியோன் பக்கம் ஜன்னல்கூட இல்லாத அறைக்கு ஒரு இரவு 130 யூரோ காட்டியது. கார்பதெல்லாவில் ஒரு பாட்டியம்மாவின் வீட்டில் ஒரு அறை, 46. அப்பாவிடம் சொன்னபோது, “ஏம்மா, ஊருக்கு வெளியவா ரூம் போட்ட? ராத்திரி தனியா எப்படித் திரும்பி வருவ?” என்றார். மதுரைக்காரருக்குக் கோபுரம் கண்ணில் பட்டால்தான் ஊருக்குள் இருப்பதாக அர்த்தம்.

உண்மையில் வெளியே ஒன்றும் இல்லை. மெட்ரோ பி லைனில் தெர்மினியிலிருந்து ஐந்தாவது ஸ்டேஷன், கொலோசியத்திலிருந்து மூன்றாவது. ஒன்றரை யூரோ டிக்கெட், 100 நிமிடம் செல்லும். விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பாய்ந்து ஏறுகிற எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு 14 யூரோ. அதே ஸ்டேஷனில் இருந்து கிளம்பி நின்று நின்று போகும் ரயிலுக்கு 8. அது ஒஸ்தியென்சே ஸ்டேஷனில் இறக்கிவிடும். அங்கிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தால் அரை மணி நேரத்துக்குள் பேட்டைக்கு வந்துவிடலாம்.

நடக்கிற வழியில் தண்டவாளங்களுக்கு மேலே ஒரு வெள்ளைப் பாலம் வரும். 2012-ல் திறந்தது. பாலத்துக்குச் செத்தீமியா ஸ்பிட்சிகீனோ என்ற பெண்ணின் பெயர். 1943 அக்டோபர் 16 அன்று நாஜிகள் ரோமில் யூதர்களை வீடு வீடாகப் பிடித்தார்கள். அன்று பிடிபட்டு ஆஷ்விட்ஸுக்குப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பதினாறு பேர்தான் திரும்பி வந்தார்கள். பதினைந்து ஆண்கள், ஒரு பெண். அந்த ஒரு பெண்தான் செத்தீமியா. பிறகு கார்பதெல்லாவில் வாழ்ந்தவர். ஊருக்குள் நுழையும் பாலத்துக்குத் தங்கள் தெருவில் வாழ்ந்த ஒரு அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்தது. நம்மூர் மேம்பாலங்களை நினைத்துக்கொண்டேன், விடுங்கள்.

பேட்டைக்கு அடிக்கல் நாட்டியது 1920 பிப்ரவரி 18-ல், அரசர் மூன்றாம் வித்தோரியோ இம்மானுவேலே வந்து நாட்டினார். பெனெதெத்தோ ப்ரின் சதுக்கத்தில் கல்வெட்டு இருக்கிறது. ஒஸ்தியாக் கடற்கரையிலிருந்து ரோம் வரை ஒரு கால்வாய் வெட்டி, இங்கே துறைமுகம் கொண்டுவரப் போகிறோம், அதில் வேலை செய்கிறவர்களுக்கு வீடு என்பது திட்டம். கால்வாய் வரவே இல்லை. வீடுகள் மட்டும் வந்துவிட்டன. கடல் இல்லாத இடத்தில் கப்பல்காரர்களின் பெயரில் தெருக்கள் இருப்பது அதனால்தான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து பரவிய ‘தோட்ட நகரம்’ என்ற யோசனையை வைத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ‘லோத்தோ’ என்று பெயர், அதற்கு ஒரு எண். இப்படி அறுபதுக்கும் மேல். இரண்டு மூன்று மாடி வீடுகள், காவியும் மஞ்சளும் பூசிய சுவர்கள், வெளிப்பக்கமாக ஏறும் படிகள், வாசலுக்கு மேலே சுண்ணாம்பில் சிப்பி, பழக்கூடை, யாரோ ஒருவருடைய முகம். ஏழைகளுக்குக் கட்டுகிற வீடுதானே, எதற்கு இதெல்லாம் என்று அந்தக் கட்டிடக் கலைஞர்கள் நினைக்கவில்லை. நம் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தச் சிப்பிகள் கொஞ்சம் பொறாமையைத் தந்தன.

வீடுகள் தெருவைப் பார்த்து நிற்பதில்லை. நடுவில் இருக்கும் முற்றத்தைப் பார்த்து நிற்கின்றன. முற்றத்தில் பைன் மரம், நவம்பரில் இலை உதிர்ந்து ஆரஞ்சுப் பழங்கள் மட்டும் தொங்கும் காக்கி மரம், பூனைகள். அப்புறம் துணிக்கொடி. இரும்புக் கம்பம் நட்டு வரிசையாகக் கொடி கட்டி, அத்தனை வீட்டுத் துணிகளும் அங்கேதான் காயும். இத்தாலிய முற்றத்துக் கொடியை எத்தனை பேர் போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டிருப்பார்கள்! நேரில் பார்த்தால் அது போட்டோவுக்கான விஷயம் இல்லை. யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வீட்டு ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கொடியைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம்.

பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அரசாங்கம் முதலில் வைத்த பெயர் கொன்கோர்தியா, ஒற்றுமை என்று அர்த்தம். யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. முன்பு இந்த மேட்டில் சத்திரம் நடத்திய ஒரு பெண் இருந்தாளாம். கார்லோத்தா. வழிப்போக்கர்களிடம் அவ்வளவு அன்பாக நடந்துகொள்வாளாம். ‘கார்பாத்தா ஓஸ்தெல்லா’ என்றால் பண்பான சத்திரக்காரி. அதுதான் சுருங்கிக் கார்பதெல்லா ஆனது என்பார்கள். இல்லை, திராட்சைக் கொடி படரவிடும் ஒரு முறையின் பெயர்தான் அது என்று சொல்கிறவர்களும் உண்டு. திராட்சைக் கட்சிதான் சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஊர் சத்திரக்காரியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒரு படிக்கட்டுக்குக் கீழே நீரூற்றில் ஒரு பெண்ணின் முகம், வாயிலிருந்து தண்ணீர் வருகிறது. கார்லோத்தாவின் நீரூற்று என்கிறார்கள். குடிக்கலாம், நல்ல ஜில்லென்ற தண்ணீர்.

ரோம் பார்த்த கதையை இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். 2025 ஜூபிலி ஆண்டுக்காக நகரமே சாரம் கட்டி நின்றது. த்ரேவி நீரூற்றைத் தண்ணீர் இறைத்துவிட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு சின்னத் தொட்டி வைத்திருந்தார்கள், ஜனம் அதில் காசு போட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் நான் மெட்ரோ ஏறிப் பேட்டைக்குத் திரும்பிவிடுவேன். அங்கிருந்து நடந்து போகிற தூரத்திலேயே எனக்கு வேண்டியது இருந்தது. 1912-ல் தொடங்கிய பழைய மின்நிலையம் ஒன்றை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், மோன்தெமார்தீனி. கன்னங்கரேலென்று டீசல் இயந்திரங்கள், அவற்றுக்கு முன்னால் வெள்ளைப் பளிங்குத் தெய்வங்கள். வத்திக்கான் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பார்த்த சிலைகளைவிட, இங்கே கிரீஸ் வாசனையில் தனியாகப் பார்த்த ஒரு தலையில்லாத பெண் சிலை மனதில் நின்றுவிட்டது. அந்தக் கூடத்தில் மொத்தமே நாங்கள் ஆறு பேர்.

நானி மொரெத்தியின் ‘காரோ தியாரியோ’ பார்த்தவர்களுக்குப் பேட்டையின் பெயர் ஞாபகம் இருக்கலாம். 1993-ல் வந்த படம். வெஸ்பாவில் காலியான ரோமைச் சுற்றிக்கொண்டே, தனக்கு மிகவும் பிடித்த பேட்டை இதுதான் என்பார். இடதுசாரிகளின் கோட்டை என்று பெயர் எடுத்த இடம். இன்றைய வலதுசாரிப் பிரதமர் மெலோனி வளர்ந்ததும் இங்கேதான், அரசியலுக்கு வந்ததும் இங்கேதான். 1931 டிசம்பரில் வட்டமேஜை மாநாடு முடிந்து திரும்பும் வழியில் ரோமில் இறங்கிய காந்தி, இங்கே உள்ள குழந்தைகள் பள்ளியைப் பார்க்க வந்திருக்கிறார். அந்தக் குளிரில், அந்த வேட்டியோடு.

ஆனால் என்னைத் தெருவில் அப்படியே நிறுத்தியது காந்தி அல்ல. மூன்றாம் நாள் காலை, காபி குடித்துவிட்டு வழி தெரியாமல் ஒரு முனையில் திரும்பினேன். பளிங்குப் பலகையில் தெருவின் பெயர்: ரொபேர்தோ தெ நோபிலி.

மதுரையில் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தத்துவ போதகர். 1606-ல் மதுரைக்கு வந்த சேசு சபைச் சாமியார், தமிழில் உரைநடை எழுதிய முதல் ஐரோப்பியர்களில் ஒருவர், 1656-ல் மயிலாப்பூரில் இறந்தவர். கார்பதெல்லாவில் கப்பல்காரர்களை விட்டால் தூரதேசம் போன மிஷனரிகளின் பெயர்கள்தான் தெருக்களுக்கு. அந்த வரிசையில் இவர். எங்கள் ஊருக்குப் பிழைப்புத் தேடி, ஆத்துமங்களைத் தேடி வந்த ஒரு ஆளின் பெயர்ப் பலகைக்குக் கீழே, எங்கள் ஊரிலிருந்து ஊர் பார்க்க வந்த நான் நிற்கிறேன். ஒரு ஸ்கூட்டர்க்காரர் ஹாரன் அடித்தார், நகர்ந்தேன்.

யோசித்துப் பார்த்தால் நோபிலியின் கதையே ‘எங்கே தங்குவது’ என்ற கதைதான். அவர் வந்தபோது மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் ஏற்கெனவே பத்து வருடத்துக்கு மேலாக இருந்தார். கோயில், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் வைத்திருந்தார். அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் கடற்கரையிலிருந்து வந்த பரவர்கள். நோபிலி கொஞ்ச நாளில் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். பிராமணர் வாழும் பகுதியில் மண் குடிசை போட்டுக்கொண்டு, காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். அவர் தமிழ் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த வீட்டு மாற்றத்தின் மேல் கிடையாது. எந்தத் தெருவில் வீடு எடுக்கிறாய் என்பதில், யாரோடு சேர்த்து உன்னைப் பார்க்க வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய் என்பதும் இருக்கிறது. நானூறு வருடம் ஆகியும் மதுரையில் வீட்டு புரோக்கர் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான், வேறு வார்த்தைகளில்.

நான் தங்கிய வீட்டின் சிஞோராவுக்கு எழுபது வயதுக்கு மேல். அவருக்கு ஆங்கிலம் இல்லை, எனக்கு இத்தாலியம் இல்லை, இருவருக்கும் நடுவில் போன் இருந்தது. அது சில சமயம் அவர் சொன்னதைச் சங்கத் தமிழ் மாதிரி ஏதோ ஒன்றாக மாற்றித் தரும். கைதான் பாதிப் பேச்சு. அறையில் ஒற்றைக் கட்டில், ஒரு மேஜை, ரோமா கால்பந்து அணியின் பழைய துண்டு ஆணியில், பூட்டிய அலமாரி ஒன்று. அது மகனின் அறை.

வீடு அவர் கணவரின் அப்பா காலத்தில் வாடகைக்கு வந்தது, வீட்டு வாரியத்தின் வீடு. 1993-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு இத்தாலி முழுக்க இப்படிப்பட்ட பொது வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே விற்கத் தொடங்கினார்கள். அந்த வகையில் கணவர் தவணை கட்டி வாங்கினார். பிறகு இறந்துவிட்டார். பென்ஷன் பற்றவில்லை. மகனுக்குத் திருமணமாகி ஒரு குழந்தை, நகரைச் சுற்றும் வட்டச் சாலைக்கு வெளியே வாடகைக்கு இருக்கிறார். கார்பதெல்லாவில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. “மகன் இங்கே இருக்க முடியாத விலைக்கு ஊர் போய்விட்டது. அதனால் மகனின் அறையை வாடகைக்கு விட்டேன். இன்னும் விலை ஏறுகிறது,” என்று போன் சொன்னது. சிஞோரா அதைச் சொல்லும்போது சிரித்தார். அறையை விடுவதால்தான் விலை ஏறுகிறது என்கிற கணக்கு அவருக்குத் தெரியாமல் இல்லை.

நான்காம் நாள் என் துணிகளைத் துவைத்துக் கையில் கொடுத்து, முற்றத்துக் கொடியில் போடச் சொன்னார். “நம்ம கொடி கடைசி ரெண்டு,” என்று விரலால் காட்டினார். போய்ப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் படியில் தினமும் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. மூன்று நாளாக நான் சொன்ன ‘புவோன் ஜோர்னோ’வுக்குப் பதில் சொல்லாதவர். அவர் எழுந்து வந்து மேலே பார்த்துச் சத்தம் போட்டார். மேல் ஜன்னலிலிருந்து சிஞோராவும் சத்தம் போட்டார். நான் என் சுடிதார் துப்பட்டாவோடு நடுவில் நிற்கிறேன்.

சண்டை என் துணியைப் பற்றி அல்ல. முற்றத்தின் கேட்டைப் பற்றி. அதுவரை அந்தக் கேட் பகலில் பூட்டியதில்லை. யாரும் உள்ளே வரலாம், குறுக்கே நடந்து அடுத்த தெருவுக்குப் போகலாம். அந்தக் கோடையில் முதல் மாடி வீடு ஒன்று விற்கப்பட்டது. வாங்கியவர் அங்கே குடிவரவில்லை. கேட்டின் கம்பியில் ஒரு சின்ன இரும்புப் பெட்டியைத் தொங்கவிட்டார், எண்களை அமுக்கினால் சாவி வரும். அதன் பிறகு இரவு இரண்டு மணிக்குப் பெட்டி உருளும் சத்தம், தவறான கதவைத் தட்டும் ஆட்கள். இப்போது பாதிப் பேர் கேட்டைப் பூட்ட வேண்டும் என்கிறார்கள். பெரியவர் கூடாது என்கிற கட்சி. அந்த இலையுதிர் காலத்தில் ரோமின் நடுப்பகுதியில் இப்படிப்பட்ட சாவிப் பெட்டிகளை யாரோ ராத்திரியில் உடைத்து, ராபின் ஹூட் தொப்பி மாட்டிவிட்டுப் போனதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. நான் இருந்த அந்த மாதமே, விருந்தினர்களை நேரில் பார்த்துத்தான் சாவி கொடுக்க வேண்டும் என்று உள்துறையிலிருந்து சுற்றறிக்கையும் வந்தது. முற்றத்துப் பெட்டி தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

சாயந்தரம் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். படியில் இடம் விட்டார். போனை வாங்கி, அதில் மெதுவாகப் பேசினார். கேள்வி இதுதான்: “உங்க ஊர்ல உன் வீட்டுக்கு இப்படி யாராவது வந்து தங்குறாங்களா?”

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் தாத்தா வீடு இருந்தது. ரயில்வே ஸ்டேஷனுக்கும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவில். அந்தப் பகுதி முழுக்க இன்று லாட்ஜ்கள். பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் தாத்தாவும் விற்றார். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பத்தா கிளம்பும்போது சமையல்கட்டு அம்மியைத் தூக்கிவர முடியவில்லை என்று அழுதது மட்டும் ஞாபகம். இன்று அங்கே நான்கு மாடி. புக்கிங் ஆப்பில் தேடினால் வருகிறது: ஏசி அறை, கோயிலுக்கு ஐந்து நிமிட நடை. “சுத்தமாக உள்ளது, இரவில் சத்தம் அதிகம்” என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். எந்த மாடியில் எங்கள் திண்ணை இருந்திருக்கும் என்று நானும் தம்பியும் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறோம். தரைத்தளம்தான், ரிசப்ஷன்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். அது எப்படி மாற்றிச் சொன்னதோ தெரியாது. பெரியவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப உன் ஊருக்குப் போனா நீ எங்க தங்குவ?” என்றார்.

“திருநகர். ஊருக்கு வெளிய. பஸ்ல போகணும்.”

“எவ்வளவு நேரம்?”

“அரை மணி நேரம்.”

“என் பையனுக்கு ஒரு மணி நேரம்,” என்றார். எழுந்து போய்க் காக்கிப் பழம் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். பழுத்துத் தொளதொளவென்று இருந்தது, அப்படித்தான் சாப்பிட வேண்டுமாம். மறுநாள் காலை புவோன் ஜோர்னோவை அவரே முதலில் சொன்னார். கேட் விஷயத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை என்று சிஞோரா பிறகு சொன்னார். பூட்டுக்காரரை வரச் சொல்லிவிட்டார்களாம்.

இப்படிப்பட்ட பேட்டையில் தங்குங்கள் என்று எழுதுவதா வேண்டாமா என்று இதை எழுதும்போதே ஒரு கை இழுக்கிறது. 130 யூரோ என்னிடம் இல்லை. உங்களில் பலரிடமும் இருக்காது. ஒன்று மட்டும் சொல்லலாம். வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்கிற அறையாகப் பாருங்கள், சாவியைக் கையில் வாங்குகிற இடமாகப் பாருங்கள். இத்தாலியில் விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்க்கலாம், இப்போது அது கட்டாயம். இதனால் பேட்டை பிழைத்துவிடாது. கேட்டில் இன்னொரு பெட்டி தொங்காது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகன் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். கீழே பேச்சும் தட்டுச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அறையில் உட்கார்ந்து டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவை யாரோ இரண்டு விரலால் தட்டினார்கள். திறந்தால் அவர், நாற்பது வயது இருக்கும், அம்மாவின் அதே மூக்கு. “பெர்மெஸ்ஸோ?” என்றார். உள்ளே வரலாமா என்று கேட்கும் வார்த்தை. வாசல்படியைத் தாண்டாமல் நின்றார். அலமாரியைக் காட்டி, தோளைக் குறுக்கிக் குளிர்கிறது என்று நடித்துக் காட்டினார். நான் நகர்ந்து நின்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே கம்பளிக் கோட்டு ஒன்று, பள்ளிக்கூடக் கோப்பைகள், அட்டைப்பெட்டிகள். கோட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் பூட்டினார். மேஜை மேல் நான் காயப்போட்டிருந்த துண்டு சரிந்து கிடந்தது. அதை எடுத்துச் சரியாக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுக் கீழே போனார்.